மூன்று நடையும் ஒரு தூக்கமும்

கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் கைக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. அதைக் கொண்டுபோய்த் திருப்பூரில் ஒரு லாரி முதலாளியின் மேசைமேல் வைத்தேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு பேனாவை வைத்துவிட்டு, "இது கவர்மென்ட் குடுத்ததுங்க. நம்ம லைசென்ஸ் வேற," என்றார்.

அவருடைய லைசென்ஸ் இதுதான். புது ஆள் பழைய டிரைவர் ஒருவரோடு மூன்று நடை போய்வர வேண்டும். ஒரு நடை என்றால் இங்கே பனியன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போய் இறக்கிவிட்டு, குஜராத்தில் பஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்புவது. பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். இரவில் பழைய டிரைவர் ஓட்டுவார், விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை புது ஆள், அதற்கு மேல் சாயங்காலம் வரை வண்டி நிற்கும். திரும்பி வந்ததும் முதலாளி பழைய டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அவரு ஓட்டறப்ப நீங்க தூங்குனீங்களா?"

தூங்கினேன் என்று சொல்லிவிட்டால் புது ஆளுக்குத் தனி லாரி. மூன்று நடையிலும் அந்தச் சொல் வரவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஏனுங்க, நல்லா ஓட்டறாரான்னு கேட்டாப் போதாதுங்களா?" என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"பாவம் பாத்து ஆமான்னு சொல்லிப்போடுவாங்க. தூக்கம் பாவம் பாக்காதுங்க. சரியா ஓட்டாதவன் வண்டியில எந்த டிரைவருக்கும் கண்ணு மூடாது," என்றார்.

சரி, ஒரு மனுசனைத் தூங்க வைப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினேன். என் மகளைக் குழந்தையில் எத்தனை முறை தோளில் போட்டுத் தூங்க வைத்திருக்கிறேன்!

அதற்கு முன் பதினெட்டு வருடம் நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். முதலில் கட்டிங் டேபிள். பிறகு கம்பெனியின் சின்ன லோடு வண்டியில் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் துணி கொண்டுபோய்க் கொண்டுவரும் வேலை. கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு நான்கு இடத்தில் கேட்டுப் பார்த்தேன். கட்டிங்குக்கு மிசின் வந்துவிட்டது என்றார்கள், வண்டிக்கு இருபது வயதுப் பையன்கள் இருக்கிறார்கள் என்றார்கள். ஆக எனக்கு இந்த லாரி கிடைத்தே ஆக வேண்டும். அவிநாசிக்குப் பக்கத்தில் சேவூரில் மனைவியும் ஆறாவது படிக்கும் மகளும் அதை நம்பித்தான் இருந்தார்கள்.

எனக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். தென்காசிப் பக்கம். அவருடைய மனைவி வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார், அங்கேயே லைன் வீட்டில் குடியிருந்தார்கள். நான் அவரை டிரைவருங்க என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். முதல் நாள் லாரியில் ஏறப் போனவனிடம், "அண்ணாச்சி, செருப்பு," என்றார். ஏதோ கோயிலுக்குள் நுழைவது போலச் செருப்பைக் கழற்றிப் படிக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டியில் வைத்தேன். அவர் சொன்னது நியாயம். அடுத்த பத்து நாளும் அதுதான் எங்கள் வீடு.

வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு? இரண்டு சீட். அதற்குப் பின்னால் ரெக்சின் உறை போட்ட படுக்கைப் பலகை, அதை மறைக்க ஒரு பச்சைத் திரை. பலகை ஒன்றுதான், அதில் மாற்றி மாற்றித்தான் படுக்க வேண்டும். அவர் எழுந்ததும் நான் போய்ப் படுப்பேன். ரெக்சினில் அவருடைய உடம்புச் சூடு அப்படியே இருக்கும். தலையணையில் அவருடைய தேங்காயெண்ணெய் வாசனை. முதல் இரண்டு நாள் குமட்டியது. மூன்றாம் நாள் அந்தச் சூடு இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

குளியல் பெட்ரோல் பங்கில், வாளி கிடைத்தால் வாளியில், இல்லாவிட்டால் குழாய்க்கடியில் குனிந்துகொண்டு. துவைத்த லுங்கியைக் கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் கயிற்றில் கட்டிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும், புழுதியோடு. மத்தியானம் ஒரு மரத்தடியில் நிறுத்தி, லாரியின் நிழலில் அடுப்பை வைத்துச் சோறு பொங்குவோம். அவர் வெங்காயம் வெட்டுவார், நான் பாத்திரம் கழுவுவேன். சாப்பிட்டு முடித்ததும் அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மனைவியோடு பேசுவார். நான் எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். இரண்டு ஆள் இத்தனை நெருக்கத்தில் இருந்தும் ஒருவருக்கொருவர் துணையில்லாமல் இருக்க முடியும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

முதல் நடையில் அவர் தூங்கவில்லை. நான் ஓட்டும்போது பலகையில் படுப்பார், ஆனால் திரையை மூட மாட்டார். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு கண்களும் சாலையில் இருக்கும். "அண்ணாச்சி, கியர்." "அண்ணாச்சி, பஸ் வருது." "அண்ணாச்சி, இது துணி மூட்டை கொண்டுபோற வண்டி இல்ல." திரும்பி வந்து முதலாளி கேட்டபோது, "இல்ல மொதலாளி," என்றார். அவ்வளவுதான். முதல் நடைதானே என்று நானும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது நடையில் என் கை பழகிவிட்டது. கியர் விழுவதே தெரியாது. பிரேக்கை நான் தொடுவதே குறைவு. அவரே, "ஓட்டம் தேறிட்டு," என்றார். திரையைக்கூட மூடினார். ஆனாலும் தூங்கவில்லை. ஏன் தெரியுமா? நான் பேசிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு வருடம் கம்பெனிச் சத்தத்தில் இருந்தவன் நான். மிசின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி ஊர்க்கதை பேசிப் பழகிய வாய். டீ நேரத்தில் என்னைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள். இங்கே முன்னால் சாலை, பின்னால் பச்சைத் திரை. பேச்சை நிறுத்தினால் உடனே நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கும். அதனால் துணி எப்படி விரிப்பது, எந்த நூல் சாயம் போகும், என் மாமனார் கிணறு வெட்டியது, மகள் பேச்சுப் போட்டியில் பாதியில் அழுதது, எல்லாவற்றையும் திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். சித்ரதுர்கா தாண்டி, மலைமேல் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் திரை விலகியது. கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன.

"அண்ணாச்சி, ராத்திரி பூரா நான் ஓட்டிருக்கேன். இனி இன்னைக்கு ராத்திரியும் ஓட்டணும். நீங்க பேசுனா நான் எப்படித் தூங்கதுக்கு?"

"உங்களுக்குத் தூக்கம் வரட்டும்னுதானுங்க பேசுனேன்," என்று ஒரு பொய் சொன்னேன். அது எனக்கே பொறுக்கவில்லை. "இல்லீங்க. பேசாட்டி வண்டியில ஆருமே இல்லாத மாதிரி இருக்குதுங்க."

அவர் கோபப்படவில்லை. "லாரின்னா அதான் அண்ணாச்சி. நாளைக்குத் தனி வண்டி குடுத்தா யார்ட்டப் பேசுவீங்க?" என்றவர் ஒரு விதியும் போட்டார். "நான் நானா முழிக்கணும். நீங்க பேசியோ, ஹாரன் அடிச்சோ, வண்டிய நிறுத்தியோ முழிச்சா அது கணக்குல சேராது. பாதித் தூக்கத்தத் தூக்கம்னு நான் மொதலாளிட்டச் சொல்ல மாட்டேன்."

அந்த நடையில் குஜராத்தில் பஞ்சு ஏற்ற இரண்டு நாள் காத்துக் கிடந்தோம். அவர் பலகையில் கிடந்து விட்ட தூக்கத்தையெல்லாம் தூங்கித் தீர்த்தார். வண்டி நின்றுகொண்டிருந்ததால் அது எனக்கு எந்த விதத்திலும் பயன்படவில்லை. நான் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்திருந்தேன். சுற்றிலும் எனக்குத் தெரியாத பாஷை. எனக்குத் தெரிந்த ஹிந்தி எல்லாம் கம்பெனி ஹிந்தி: சீக்கிரம் வெட்டு, பீஸை எண்ணு, போனைக் கீழே வை. இதை வைத்துக்கொண்டு எவனிடம் போய் நலம் விசாரிப்பது?

போனைக் கீழே வை என்று நான் தினமும் கத்தியது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு டெய்லரிடம். மிசின் ஓட்டும்போதும் காதில் கருவியோடு யாருடனோ பேசிக்கொண்டே இருப்பான். பல நேரம் எதிர்முனையில் பேச்சே இருக்காது, அம்மா சமைக்கிற சத்தம்தான் கேட்கும் என்று ஒருமுறை சொன்னான். நான் சிரித்தேன். பத்துப் பேரையும் சிரிக்க வைத்தேன். லாரிக்கு அடியில் படுத்திருந்த அந்த இரண்டு நாளும் அவனை நினைத்து வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும் முதலாளி கேட்டார், டிரைவர் மறுபடியும், "இல்ல மொதலாளி," என்றார். முதலாளி என்னைப் பார்த்து, "இன்னொரு நடை இருக்குதுங்க," என்று மட்டும் சொன்னார். அதை அவர் மரியாதையாகச் சொன்னதுதான் இன்னும் மோசம்.

மூன்றாவது நடைக்கு வாயைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். நிஜமாகவே கட்டிக்கொண்டேன், சுற்றிலும் துண்டைப் போட்டு. புழுதிக்காக என்று டிரைவர் நினைத்துக்கொண்டார். கேட்டதற்கு மட்டும் பதில். சோறு பொங்கும்போதுகூட உப்பு போதுமா என்பதோடு சரி. பேச்சு இல்லாத அந்த நாட்கள் எத்தனை நீளம் என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் காலையில் என் பெயரை நானே மெல்லச் சொல்லிப் பார்த்தேன், குரல் இருக்கிறதா என்று. அப்படியும் அவர் தூங்கவில்லை. புரண்டு புரண்டு படுப்பார். பலகை கிறீச்சிடுவது கேட்கும். ஓடுகிற வண்டியில் தூங்கும் பழக்கமே போய்விட்டது போலிருக்கிறது. அவருக்கும் தூங்க வேண்டும் என்ற கவலை வந்திருக்கும். கவலையில் யாருக்குத் தூக்கம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை தொப்பூர் இறங்கி ஒரு பங்கில் நிறுத்தினார். கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சை இறக்க வேண்டும், கடைசி ஓட்டம் என்னுடையது. அவர் பல் விளக்கப் போயிருந்தபோது வீட்டுக்குப் போன் செய்தேன்.

"அவிநாசி பைபாஸ் வழியாத்தானுங்களே வருவீங்க?" என்றாள் மனைவி. "பாலத்துக்கு முன்னால நிக்கறனுங்க. அரிசிம்பருப்பு ஆக்கி எடுத்தாறன், ரெண்டு பேருக்கும்."

மகள் போனைப் பிடுங்கினாள். "அப்பா, நீங்க லாரி ஓட்டறத நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. தூரத்துல வர்றப்பவே ஹாரன் அடிக்கோணும். மூணு தடவ. அப்பத்தான் எங்கப்பா வண்டின்னு தெரியும்."

அடிக்கிறேன் கண்ணு என்றேன். எப்படியும் டிரைவர் விழித்துக்கொண்டுதானே இருக்கப்போகிறார் என்ற நினைப்பு. மூன்று நடையும் தோற்றாயிற்று, மகளுக்காவது அப்பா லாரி ஓட்டுவதை ஒரு தடவை காட்டிவிடலாம். ஊர்க்கதையெல்லாம் அவரிடம் கொட்டிய நான் இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. வாயைக் கட்டியிருந்தேன் அல்லவா?

சேலம் தாண்டிச் சங்ககிரி வந்தபோது ஏதோ வித்தியாசமாக இருந்தது. என்னவென்று யோசித்தேன். பலகை கிறீச்சிடவில்லை. கொஞ்ச நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து மூச்சு கேட்டது. நீளமாக, ஒரே சீராக. பிறகு மெல்லிய குறட்டை.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் இரண்டும் ஓடியாக வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மூத்திரம் முட்டியது, நிறுத்தவில்லை. தாகம், பாட்டிலைத் திறக்கும் சத்தத்துக்குப் பயந்து எடுக்கவில்லை. பவானி போனது, பெருந்துறை போனது. விஜயமங்கலம் டோல்கேட்டில் வேகத்தைக் குறைக்கும்போது என் மூச்சையும் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது. பின்னால் சத்தமில்லை, தூக்கம்தான். அவர் தூங்குகிறார், என் வண்டியில் ஒரு டிரைவர் தூங்குகிறார்! அழுகை வந்துவிட்டது எனக்கு.

அப்புறம்தான் அவிநாசி ஞாபகம் வந்தது.

போன் அவர் விதிப்படி டேஷ்போர்டு பெட்டிக்குள், சத்தமில்லாமல் கிடந்தது. ஓட்டிக்கொண்டே எடுக்கக் கூடாது. நிறுத்தினால் முழிப்பார். என்ன செய்வது, என்ன செய்வது என்று மனம் அடித்துக்கொள்ளும்போதே பாலம் தெரிந்தது. ஓரத்தில் எங்கள் வீட்டு ஸ்கூட்டர், அதன்மேல் சோற்றுத் தூக்குப்போசி. மனைவி வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். மகள் சிவப்பு டி-ஷர்ட்டில் இருந்தாள், கம்பெனி மூடுவதற்கு முந்தின வாரம் நான் வெட்டிய கடைசி லாட்டில் ஒன்று. ஒவ்வொரு லாரியையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக்சிலேட்டரிலிருந்து கால் தானாகவே எழும்பியது. இன்ஜின் சத்தம் இறங்கியது. உடனே பின்னால் பலகை ஒருமுறை கிறீச்சிட்டது.

காலைத் திரும்ப வைத்து அழுத்தினேன்.

ஹாரனும் அடிக்கவில்லை. அவர்களைத் தாண்டும்போது மகள் என்னைப் பார்த்துவிட்டாள். அவள் வாய் அப்பா என்று திறந்தது. ஸ்டியரிங்கிலிருந்து நான்கு விரலைத் தூக்கினேன், அவ்வளவுதான் முடிந்தது. கண்ணாடியில் அவள் கொஞ்ச தூரம் ஓடி வந்தது தெரிந்தது, பிறகு அம்மா கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியதும். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். என்னைவிடக் கல்நெஞ்சக்காரன் அந்த பைபாஸில் அன்றைக்கு எவனும் போயிருக்க மாட்டான்.

மில் கேட்டில் நிறுத்தியதும் திரை விலகியது. அவர் சோம்பல் முறித்துக்கொண்டு, "வந்தாச்சா?" என்றார். இறங்கி முகம் கழுவிவிட்டு என் முன்னாலேயே முதலாளிக்குப் போன் போட்டார். "தூங்குனேன் மொதலாளி. நல்லாத் தூங்குனேன்." பிறகு என் தோளைத் தட்டினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அவர் நகர்ந்ததும் என் போனை எடுத்தேன். மனைவி ஏழு முறை கூப்பிட்டிருந்தாள். திருப்பிக் கூப்பிட்டால் மகள்தான் எடுத்தாள்.

"ஏனுங்கப்பா, எங்களப் பாக்கலீங்களா?"

"இல்லியே கண்ணு. கூட்டத்துல கவனிக்கல."

"நீங்க பாத்தீங்க," என்றாள். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மனைவி சோற்றைப் பாலத்தடியில் உட்கார்ந்து இரண்டு பேருமே சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னாள். லாரி கிடைத்துவிட்டது என்றேன். "ரொம்ப சந்தோசமுங்க," என்றாள். அவளுடைய சந்தோஷம் எனக்குத் தெரியும், அது அந்தக் குரலில் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மகளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். தலையைத் தலையை ஆட்டிக் கேட்டாள். டிரைவர் தூங்க வேண்டும் என்பது அவளுக்குப் புரிந்தது. ஆனால் பார்க்கவில்லை என்று ஏன் சொன்னேன் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

ஒரு மாதம் கழித்து, குஜராத்தில் நாங்கள் இரண்டு நாள் காத்துக் கிடந்த அதே பஞ்சு மண்டியில் டிரைவரைப் பார்த்தேன். பக்கத்து வரிசையில் மூன்றாவது வண்டி அவருடையது. டீ வாங்கிக்கொடுத்து அவிநாசிக் கதையைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவேதான் சொன்னேன். உங்கள் தூக்கத்தைக் காப்பாற்ற நான் என்னவெல்லாம் செய்தேன் பாருங்கள் என்கிற மாதிரி.

அவர் டீயைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். "அண்ணாச்சி," என்றார். "நான் விஜயமங்கலத்துக்கு முன்னாடியே முழிச்சிட்டேன். நானாத்தான் முழிச்சேன்."

"அப்பறம் ஏனுங்க எந்திரிக்கல?"

"தூங்குனது தூங்குனதுதான, மொதலாளிட்டச் சொல்ல அது போதும்னு கெடந்தேன். அதுவுமில்லாம…" என்று இழுத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முழிச்சிட்டேன்னு தெரிஞ்சா, பத்து நாளாச் சேத்து வச்ச பேச்செல்லாம் கொட்டிருவீங்களேன்னுதான் அண்ணாச்சி."

எனக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேராலும் சிரிக்க முடியவில்லை. அவருடைய வரிசை நகர்ந்தது, போய்விட்டார்.

இப்போதெல்லாம் நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன். படுக்கைப் பலகை ரெக்சினில் என் உடம்புச் சூடு மட்டும்தான். அவிநாசிப் பாலம் வரும்போது மூன்று முறை ஹாரன் அடிக்கிறேன், நீளமாக. மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள், அங்கே யாரும் நிற்பதில்லை. எழுந்துவிடுவாரோ என்று பயப்படப் பின்னாலும் யாருமில்லை.